பாட்டத்துக்கு விட்ட லாரி

சூரியன் வழக்கத்தைவிடக் கொஞ்சம் பளிச்சென்று உதித்தால், 'இதுல என்னவோ இருக்கு' என்று சொல்லக்கூடிய ஒரே மனுஷி, எனக்குத் தெரிந்து, திருவனந்தபுரத்தில் லாரி அக்காதான். சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. கேட்டால், "பேரு உனக்கு என்னத்துக்கு?" என்பார்.

நாஞ்சில் நாட்டுக்காரர். கணவர் காலமானபின் அவர் விட்டுப்போன ஒற்றை லாரியை வைத்துக்கொண்டு, நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவுக்கு வாழைக்குலையும் கருப்பட்டியும் கொண்டுவந்து பிழைத்தார். லாரி போகும் இடமெல்லாம் முன் சீட்டில் அவரும் போவார். டிரைவர் பிரேக் போட்டால் போதும், "இப்ப எதுக்கு நிறுத்துதே? அங்க யாரு நிக்கா?" என்று கேள்வி வரும். ஒருமுறை குறுக்கே வந்தது ஒரு பசுமாடு. அது யார் வீட்டு மாடு, அந்த நேரத்தில் அதற்கு ரோட்டில் என்ன வேலை என்று இறங்கி விசாரித்த பிறகுதான் வண்டி கிளம்பியது.

யுத்தம் வந்தது. பெட்ரோலுக்குக் கூப்பன் வந்தது. தனி லாரிக்காரர்கள் லோடு பிடிக்கத் திண்டாடினார்கள். அப்போது ஆரியசாலையில் ஒரு லாரி கம்பெனியில் நான் குமாஸ்தா. எங்கள் முதலாளி திருநெல்வேலிக்காரர். பேச்சில் தேன் ஒழுகும். அக்காவைக் கூப்பிட்டனுப்பினார்.

"அக்கா, நீங்க ஏன் லோடு தேடி அலையணும்? வயலைப் பாட்டத்துக்கு, அதான் குத்தகைக்கு, விடுத மாதிரி வண்டியை எங்ககிட்ட விட்டுருங்க. பெட்ரோல் எங்க பாடு, லோடு எங்க பாடு. மாசம் பொறந்தா வாடகை வீடு தேடி வந்துரும்."

அக்கா அவரை நெடுநேரம் பார்த்தார். "இதுல உமக்கு என்ன லாபம்?"

"லாபம் என்ன லாபம், ஒரு உபகாரம்தான்."

"அப்ப வேண்டாம்," என்று எழுந்துவிட்டார். "லாபம் உண்டும்னு சொல்லியிருந்தா யோசிச்சிருப்பேன்."

மறுநாள் முதலாளி, 'நல்ல லாபம் இருக்கிறது' என்று சொல்லியனுப்பினார். அக்கா வந்தார். அதன்பின் தினமும் வந்தார். காப்பி கொடுத்தால் முதலில் முதலாளியை ஒரு வாய் குடிக்கச் சொல்வார். ஷெட்டுக்குப் போய் மற்ற லாரிகளை, சந்தையில் மாடு பார்ப்பதுபோலத் தடவிப் பார்த்தார். பத்திரத்தை மூன்று பேரிடம் தனித்தனியே கொடுத்துப் படிக்கச் சொல்லி, மூன்று பேரும் ஒரே மாதிரி படித்ததால், எல்லாரும் பேசிவைத்துக்கொண்டார்கள் என்று முடிவுகட்டினார்.

ஒருநாள் முதலாளி சாப்பிடப் போயிருந்தபோது அக்கா என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, உன் வண்டியா இருந்தா குடுப்பியா?"

கேட்டதால் சொன்னேன். "குடுக்க மாட்டேன் அக்கா. டயரும் ரிப்பேரும் உங்க செலவுன்னு எழுதியிருக்கு. பாட்டத்துக்கு விட்டா வயல் தேயாது, டயர் தேயும். அடுத்தவன் டயரை யாரு பார்த்து ஓட்டுவா? இந்த யுத்தத்துல புது டயருக்கு எங்க போவீங்க?"

அக்காவின் முகம் இறுகியது. "சம்பளம் அவருகிட்ட வாங்குதே, பேச்சு அவருக்கு எதிரா பேசுதே. அப்ப இந்த லாரி மேல உனக்குத்தான் ஆசை."

அன்று சாயங்காலமே கையெழுத்துப் போட்டார். முதலில் ஒரு மாதம் ஓட்டிப் பார்ப்பது என்று பேச்சு. போகிற போக்கில் முதலாளியிடம், நான் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்து, "இந்தப் பையனைக் கொஞ்சம் கவனிச்சுக்கிடும்," என்றும் எச்சரித்தார். முதலாளி கவனித்தார். எனக்கு வேலை போயிற்று.

வண்டியைக் கொடுக்குமுன் ஹாரன், விளக்கு, சீட்டு, எஞ்சின், டயர் எல்லாவற்றிலும் அக்கா சிவப்புப் பெயின்ட்டில் புள்ளி வைத்திருந்தார், எதையாவது மாற்றிவிடுவார்கள் என்று. மாதக் கடைசியில் வண்டி வந்தது. வாடகையும் குறைவில்லாமல் வந்தது. புள்ளிகளும் வைத்த இடத்திலேயே இருந்தன. டயரில் வைத்ததை மட்டும் காணோம். ரப்பரே இல்லாதபோது புள்ளி எங்கே இருக்கும்? கருங்கல் ஏற்றி இரவு பகலாக ஓட்டியிருக்கிறார்கள். பழைய டயர் நாலு தேடிப் பிடித்து வாங்குவதற்குள் அக்காவின் கைவளையல்கள் போய்விட்டன. பாட்டமும் அதோடு முடிந்தது.

கரமனையில் என் அறைக்கு வந்தார். கை வெறுமையாக இருந்தது.

"நீ சொன்னது நெசம்தான். ஆனா நெசத்தை என்கிட்ட என்னத்துக்குச் சொன்னே? அதான் இன்னும் பிடிபடல்ல."

"கேட்டீங்க, சொன்னேன்."

அதையும் கொஞ்ச நேரம் சந்தேகமாகப் பார்த்தார். "நாளையிலேந்து வண்டிக் காரியத்தை நீ பாரு. நான் உன்னைப் பாத்துக்கிட்டேதான் இருப்பேன், கேட்டியா?"

பார்த்துக்கொண்டேதான் இருந்தார். நான் புதுச் சட்டை போட்டால் துணி எங்கே எடுத்தது என்று கடைக்கே போய்க் கேட்பார். இருமினால், லீவுக்கு அடிபோடுகிறேன் என்பார்.

யுத்தம் முடிந்தபின் சாலைக் கடைத்தெருவில் ஒரு துணிக்கடைக்காரர் கூடுதல் சம்பளத்துக்கு என்னைக் கூப்பிட்டார். தயங்கித் தயங்கி அக்காவிடம் சொன்னேன். மறுநாள் காலையில் அந்தக் கடைக்குப் போய், சேலை எடுக்க வந்தவர்போல உட்கார்ந்தவர், பொழுது சாயும்வரை எழுந்திருக்கவில்லை. சேலையும் எடுக்கவில்லை.

"போகாண்டாம்," என்றார் திரும்பி வந்து. "அங்க கணக்கெழுதுத ஆளை மத்தியானம் சாப்பிட விடவேயில்ல. மூணு மணி வரைக்கும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். நீ பசி தாங்க மாட்டே."

நான் போகவில்லை.