மாதிரிக்கு வைத்த பட்டன்கள்

மதிப்பிற்குரிய அத்தானுக்கு,

உங்கள் மைத்துனன் வணக்கத்துடன் எழுதுவது. அக்காவும் பிள்ளைகளும் சுகமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். என் சுகத்தை மட்டும் கேட்காதீர்கள், அது நீங்கள் வாங்கிக்கொடுத்த வேலையில் போய்விட்டது.

உங்கள் நண்பரின் கடை எதை விற்கிறது என்று அவர் உங்களிடம் சரியாகச் சொல்லியிருக்க மாட்டார். இணையதளம் செய்கிறவர்களுக்கு வேண்டிய பட்டன், படிவம், பட்டியல் எல்லாவற்றையும் ஆயத்தமாகச் செய்து விற்கிற இணையதளம் அது. அதன் பக்கங்களை வடிவமைப்பது நான். ஆக, ஒரே பக்கத்தில் விற்பனைக்கு மாதிரியாக வைத்த பட்டனும் இருக்கும், கடையை நடத்துகிற நிஜப் பட்டனும் இருக்கும். இரண்டையும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் போல அத்தனை அழகாக வரைந்திருக்கிறேன். அதுதான் குற்றமாம். சோதித்துப் பார்க்க வந்த கணக்கர், மாதிரிக்கு வைத்த ‘வெளியேறு’ பட்டனை ஒன்பது தடவை அழுத்திவிட்டு, வெளியேற முடியவில்லை என்று அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார். ஒரு வாடிக்கையாளர், மாதிரிப் படிவத்தில் நீளமாகப் புகார் எழுதி, பதில் வரவில்லையென்று தொலைபேசியில் என்னை வறுத்தெடுத்தார். நிஜமான ‘வாங்கு’ பட்டனை மாதிரி என்று நினைத்து ஒருவரும் தொடுவதில்லை. போதாக்குறைக்கு, மகனுக்குச் சாப்பாடு கொண்டுவந்த முதலாளியின் அம்மா, மாதிரிக்கு வைத்த ‘எல்லாம் நீக்கு’ பட்டனை அழுத்திவிட்டு, மகன் கடையையே அழித்துவிட்டோம் என்று கண்கலங்கி உட்கார்ந்துவிட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. “கண்ணாடிய மாத்துங்கம்மா, எல்லாம் தெளிவாத் தெரியும்” என்று சொல்லிவிட்டேன்.

முதலாளி பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு மாதிரியின் மேலும் ‘மாதிரி’ என்று எழுத வேண்டுமாம். வெள்ளிக்கிழமைக்குள் எழுதாவிட்டால் வேறு ஆள் பார்ப்பாராம். கிளிப்பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு வருகிற மனிதர் எனக்கு வடிவமைப்புச் சொல்லித்தருகிறார், அத்தான். கண் இருக்கிறவனுக்கு எது மாதிரி, எது நிஜம் என்று தெரியாதா? எழுத மாட்டேன். ஆனால் இதுவும் போனால் இரண்டு வருடத்தில் நான்காவது வேலை, வீட்டில் என் முகத்தில் விழிக்க மாட்டார்கள். பயமாகத்தான் இருக்கிறது. நீங்கள் அவரிடம் ஒரு வார்த்தை பேச வேண்டும். சட்டையைப் பற்றி எழுதியதை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

அக்காவுக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு முத்தங்கள்.

இப்படிக்கு,
பொறுமையின் கடைசிப் படியில் நிற்கும் உங்கள் மைத்துனன்

பின்குறிப்பு: எழுத்து அழகாக விழுகிறதே என்று இதை எங்கள் தளத்து மாதிரிப் படிவம் ஒன்றில் தட்டினேன். மாதிரிதானே, எங்கே போய்விடப்போகிறது என்று ‘அனுப்பு’ பட்டனையும் அழுத்திப் பார்த்தேன். அது மாதிரி இல்லை, அத்தான். வாடிக்கையாளர்கள் முதலாளிக்கு எழுதுவதற்காக நானே வரைந்த நிஜப் படிவம். படித்துவிட்டு எழுந்து வந்தார், சத்தம் போடவில்லை. “இத உங்க அத்தானுக்கு அப்படியே அனுப்பு. நடந்தத மட்டும் கீழ எழுதிடு” என்றார். எழுதிவிட்டேன். நீங்கள் பேச வேண்டியதில்லை. காலையிலிருந்து ‘மாதிரி’, ‘மாதிரி’ என்று நூற்றுப் பன்னிரண்டு இடங்களில் போட்டுக்கொண்டிருக்கிறேன். அவருடைய அம்மா இப்போதுதான் வந்து, தன் கண்ணாடியைக் கழற்றி என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.