நாற்பத்தெட்டு வோல்ட் திருட்டு

இரண்டாவது ஐ.சி. சில்லும் பட்டென்று வெடித்தது. டெலிபோன் அறை முழுக்கக் கருகிய வாடை. தேவசிகாமணி வாயில் கவ்வியிருந்த ஸ்க்ரூடிரைவரைக்கூட எடுக்கவில்லை. மூன்றாவதைப் பிரித்தான்.

"அண்ணா, இதையும் சுடப் போறீங்களா?" என்றாள் ஆபரேட்டர் ஜெயகுமாரி, மூக்கைப் பொத்திக்கொண்டு.

"நீ போனைப் பாரு புள்ள."

ஏற்காட்டில் கோவிந்தராஜின் ஹோட்டலுக்கு அவன்தான் எலக்ட்ரீசியன். அறைகளில் இருந்த போன்கள் நாற்பத்தெட்டு வோல்ட் பேட்டரியில் ஓடின. காலையில் கரண்டு போனால் சாயங்காலம் வரை தாங்க வேண்டிய பேட்டரி, கொஞ்ச நாளாக ஒரு மணி நேரத்தில் செத்துப்போனது. யாரோ எங்கோ உறிஞ்சுகிறார்கள். முதலாளி தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

"சனிக்கெழமைக்குள்ள திருடனப் புடிச்சுக் குடு. இல்லாட்டி குவார்ட்டர்ஸ் சாவியக் குடு. சேலத்துக் கான்ட்ராக்ட்காரன் காத்துக்கிட்டிருக்கான்."

குவார்ட்டர்ஸ் என்பது ஹோட்டலுக்குப் பின்னால் அவன் குடியிருந்த ஓட்டு வீடு. அவனைப் புதிதாகக் கட்டிக்கொண்டு வந்த மரியபுஷ்பம் அதற்கு வெள்ளையடித்து முடித்திருந்தாள். அதை விட்டுப்போக தேவசிகாமணி தயாராக இல்லை.

பேட்டரியின் மைனஸ் கம்பியில் ஒரு சின்னத் தகடு இருந்தது. அதன் வழியாகக் கரண்டு போனால் இரு முனைக்கும் நடுவே இம்மியளவு வோல்ட்டேஜ் உண்டாகும். அதைப் பெருக்கி மீட்டர் முள்ளை ஆட்டத்தான் ஐ.சி. லாரியிலும் காரிலும் மைனஸ்தானே எர்த், இங்கேயும் அப்படித்தான் என்று தைரியமாக மாட்டினான். மூன்றாவதும் வெடித்தது.

ஐ.சி. விற்ற சேலத்துக் கடைக்காரருக்குப் போன் போட்டான்.

"டெலிபோன் பேட்டரில பிளஸ்ஸத்தானுங்க எர்த் பண்ணுவாங்க. உங்க மைனஸ் கம்பி தரையில இருந்து நாப்பத்தெட்டு வோல்ட் தள்ளி நிக்குது. ஐ.சி. தாங்கறதே பதினஞ்சுங்க."

"ஐ.சி.யோட ரெண்டு காலுக்கும் வித்தியாசம் துளியூண்டு தானுங்களே?"

"மலை மேல உங்கூர்ல ரெண்டு பேரு நிக்கறாங்க. ஒருத்தன் மத்தவன விட அரையடி ஒசரம். அதெல்லாம் சரி. அடிவாரத்துல நிக்கறவன் கைய நீட்டி அவுங்க தலையத் தொட முடியுமுங்களா? தகட்டக் களட்டி பிளஸ் பக்கம் மாட்டுங்க."

அதற்கு எல்லா போனையும் அரை மணி நேரம் நிறுத்த வேண்டும்.

"சீசன்ல போனை நிறுத்தறயா? ஆகவே ஆகாது," என்றார் முதலாளி.

தேவசிகாமணி விடவில்லை. இரண்டு காலுக்கும் ரெசிஸ்டர் போட்டு வோல்ட்டேஜைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தான். இந்த முறை வெடிக்கவில்லை. முள் விறுவிறுவென்று ஏறி முப்பதில் நின்றது.

"முப்பது ஆம்பியரா! எவனோ ரைஸ் மில்லே ஓட்டறான்டா!" என்று அலறினார் முதலாளி.

அவரே களத்தில் இறங்கினார். அறை அறையாகப் புகுந்து போனைப் பிடுங்கினார். ஏழாம் நம்பரில் தேன்நிலவுக்கு வந்தவர்களின் கட்டிலுக்கு அடியிலும் புகுந்து ஒயரைத் தேடினார். மாப்பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டான். பெண் பின்னாலேயே ஓடினாள். எல்லா போனையும் கழற்றிய பிறகும் முள் முப்பதிலேயே நின்றது.

தேவசிகாமணி ரெசிஸ்டர்களை அளந்து பார்த்துத் தலையைச் சொறிந்தான்.

"இதுங்க ஒண்ணுக்கொண்ணு நூத்துல ஒரு பங்கு மாறுதுங்க. நாப்பத்தெட்டு வோல்ட்டுல அந்த மாறுதலே பெருசாயிருச்சுங்க. அதத்தான் கரண்டுன்னு காட்டியிருக்குதுங்க."

"அப்ப நான் எதுக்குடா கட்டிலுக்கடியில பூந்தேன்?"

"மொதலாளிங்க, எப்புடியும் போனெல்லாம் செத்துக் கெடக்குது. அந்த அரை மணி நேரத்த இப்பக் குடுங்க."

முதலாளி அவனையே முறைத்தார். பிறகு கையை உதறிவிட்டு உட்கார்ந்தார்.

தகடு பிளஸ் பக்கம் போனது. கடைசி ஐ.சி.யை மாட்டினான். புகை வரவில்லை. முள் பூஜ்யத்தில் சாதுவாக நின்றது. ஜெயகுமாரி ஒரு போனை மாட்டிச் சுற்றினாள். முள் லேசாக அசைந்து திரும்பியது. தேவசிகாமணி சிலுவை போட்டுக்கொண்டான்.

சனிக்கிழமை மத்தியானம் பனி மூடி, நடுப்பகலிலேயே இருட்டிக்கொண்டு வந்தது. கரண்டும் போனது. ஊர் முழுக்க விளக்கு இல்லை. எப்போது கரண்டு போனாலும் அவன் இருக்கும் இடம் ஹோட்டல்தான். சோற்றுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடி வந்தான்.

யாரும் போன் பேசவில்லை. ஆனால் முள் இரண்டில் நின்றது.

"திருடன் முழிச்சுக்கிட்டானுங்க," என்றான் மெதுவாக.

முதலாளி முள்ளோடு முகத்தை ஒட்டிக்கொண்டார். தேவசிகாமணி பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினான். மாடி அறைகள். முள் இரண்டில். கீழ் அறைகள். இரண்டில். சமையல்கட்டு, ஆபீஸ். இரண்டேதான். பியூஸ் பெட்டியின் அடியில் பெயர் எழுதாத ஒரு பியூஸ் இருந்தது. பிடுங்கினான்.

முள் பூஜ்யத்தில் விழுந்தது.

"மாட்டுனான்!" முதலாளி தொடையைத் தட்டினார். "இந்த ஒயரு எங்க போவுதுன்னு பாரு. எவனா இருந்தாலும் சரி, பொழுது சாயறதுக்குள்ள மூட்டையக் கட்டோணும்."

"எவனா இருந்தாலுமுங்க," என்றான் தேவசிகாமணி, நெஞ்சை நிமிர்த்தி. "பாவ புண்ணியமே பாக்கக் கூடாதுங்க."

பின்வாசலில் மரியபுஷ்பம் கரண்டியோடு வந்து நின்றாள்.

"ஏனுங்க, ஊருக்கே கரண்டு இல்லாதப்பவும் நம்மூட்டு அடுப்படி லைட்டு நல்லா எரிஞ்சுக்கிட்டிருந்துச்சு, இப்ப எந்தப் பாவி அதையும் புடுங்குனான்?"