போச்சு டாக்டரும் மங்காக்காவின் கன்றுக்குட்டியும்

திருவண்ணாமலையில் அவரைப்போல நம்பிக்கை இல்லாத மனிதர் அதற்கு முன்னும் பிறந்ததில்லை, இனியும் பிறக்கப் போவதில்லை. ஊரே மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டால், அவர் அதே மலையைப் பார்த்து, "போச்சு, மேகம் எறங்குது" என்பார். ஓய்வு பெற்ற மாட்டு டாக்டர், தனிக்கட்டை. பெற்றவர்கள் வைத்த பெயர் பென்ஷன் ஆபீஸ்காரர்களுக்குத் தெரிந்திருக்கும். எங்கள் தெருவுக்கு அவர் போச்சு டாக்டர்.

மாவட்டம் பிரிந்த புதிதில் கலெக்டர் ஆபீஸ் டைப்பிஸ்டாக நான் வந்து சேர்ந்தபோது, வீட்டுக்காரர் ஒரே வீட்டைப் பலகையால் தடுத்து, ஒரு பாதியை எனக்கும் மறு பாதியை டாக்டருக்கும் விட்டிருந்தார். பலகைக்கு அந்தப் பக்கம் அவர் முட்டியில் தேய்க்கும் தைலம் இந்தப் பக்கம் என் ரசத்தில் மணக்கும். அது குதிரைக்குப் போடுகிற தைலம்.

"இது மனுஷனுக்கு ஆகுமா சார்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"முட்டின்னா எல்லாம் முட்டிதான்யா. அதுக்கு நாலு, எனக்கு ரெண்டு. செலவு கம்மி."

நொண்டுகிற எதுவும் கடைசியில் அவரிடம்தான் வரும். மாடு, ஆடு, நாய், ஜட்காக் குதிரை. கீழ்பென்னாத்தூரிலிருந்து வேனில் ஏற்றிக்கொண்டுகூட வருவார்கள். அவர் தன் முட்டியைத் திட்டிக்கொண்டே குந்தி, அதன் முட்டியைப் பிடித்து மடக்கி நீட்டிப் பார்த்து, கண்ணை மூடிக்கொள்வார். பிறகு தீர்ப்பு: "போச்சு."

ஒரு ஜட்காக்காரர், பின்னங்கால் வீங்கிய குதிரையோடு வந்தார். "போச்சு. இது இனிமே வண்டி இழுக்காது" என்று சொல்லிவிட்டார். அந்த ஆள் நடுத்தெருவில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். மறுநாளிலிருந்து டாக்டர் லாயத்துக்கே போய்க் காலுக்கு ஒத்தடம் கொடுத்தார், கட்டுப் போட்டார், வண்டியில் பூட்டினால் போலீஸில் சொல்வேன் என்று மிரட்டினார். கொஞ்ச நாளில் அந்தக் குதிரை எங்களை ஏற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடியது. "போச்சு, இந்தத் திருப்பத்துல கொடை சாயப் போவுது" என்று டாக்டர் வழி முழுக்க முனகிக்கொண்டே வந்தார்.

ஆசிரமப் பக்கம் ரூம் எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண், இடுப்பு பிடித்துப்போன ஒரு தெரு நாயைத் தூக்கிக்கொண்டு வந்தாள். டாக்டர் அவளுக்காகச் சிரமப்பட்டுத் தன் 'போச்சு'வை இங்கிலீஷாக்கி, "கான்" என்றார். அவள் அவரைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதுவிட்டாள். டாக்டர் மின்கம்பம் மாதிரி விறைத்து நின்று, "யோவ் டைப்பிஸ்ட்டு, பிரிச்சு விடுய்யா" என்று கத்தினார். அந்த நாய் பிறகு பல வருஷம் செங்கம் ரோட்டில் சைக்கிள்காரர்களைத் துரத்தியது.

இப்படியே எங்கள் தெருவுக்கு ஒரு கணக்குப் பிடிபட்டுவிட்டது. டாக்டர் 'போச்சு' என்றால் பிழைத்துக்கொள்ளும்.

எதிர்வீட்டு மங்காக்காவுக்குப் புருஷன் இல்லை. ஒரு மாடு, அதன் பால், அதை வாங்கும் நாங்கள், அவ்வளவுதான் அவள் குடும்பம். ஓர் ஐப்பசி மழையில் அந்த மாடு கன்று போட்டது. தொப்புளில் வழக்கப்படி சாணியை அப்பினார்கள். சில நாளில் கன்றின் முன்முட்டி இரண்டும் வீங்கி, எழுந்திருக்க முடியாமல் படுத்துவிட்டது. யாரோ பெரியவர் சொன்னார் என்று, வீக்கத்தின் மேல் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சூடு வைத்துவிட்டு, அதன் பிறகுதான் டாக்டரைக் கூப்பிட்டாள்.

"ஜுரத்துல கெடக்கற புள்ளைக்கு சூடு வப்பியா நீ? தொப்புள் வழியா உள்ள போன சீழும்மா இது. முட்டியில போய் உக்காந்துக்கினு இருக்குது!" என்று குதித்தார். கடைசியில் கண்ணை மூடி, "போச்சு" என்றார். மங்காக்கா முகம் மலர்ந்தது. "போச்சுன்ட்டாரு! பொழச்சிக்கும்!" என்று தெருவுக்கே டீ போட்டுக் கொடுத்தாள்.

தினமும் ஊசி. முட்டியில் ஊசி குத்திச் சீழை எடுத்துக் கழுவினார். வயிற்றுக்கடியில் ஒரு சாக்கைக் கொடுத்து, முருங்கைக் கிளையில் கட்டிக் கன்றை நிற்க வைத்தார். "போச்சு, கிளை ஒடியும்" என்றார். அது ஒன்று மட்டும் பலித்தது. அதன் பிறகு தெருக்காரர்கள் முறை போட்டுச் சாக்கைப் பிடித்துக்கொண்டோம்.

ஒருநாள் காலையில் அவர் ஊசியை வெளியே எடுக்கவேயில்லை. கன்றின் பக்கத்தில் உட்கார்ந்து, அதன் காதைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு, நான் அதுவரை கேட்டிராத மெல்லிய குரலில், "ஒண்ணுமில்லம்மா. நாளைக்கு எந்திரிச்சுடும்" என்றார்.

மங்காக்கா கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்தாள். "சார், எப்பவும் சொல்ற மாதிரி சொல்லுங்க சார்" என்றாள். அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். மத்தியானம் கன்று போய்விட்டது.

கன்று இல்லாமல் மாடு பால் விடவில்லை. அது கத்தின கத்தலில் தெருவில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. மறுநாள் டாக்டர் அந்தச் சாக்கை எடுத்து வந்து மாட்டின் முகத்தருகே பிடித்தார். கன்றின் வாசம் அதில் அப்படியே இருந்தது. மாடு நக்கத் தொடங்கியது. "போச்சு, இன்னிக்கும் பால் கெடைக்காது" என்றார். மங்காக்கா அழுதுகொண்டே மடியில் கை வைத்தாள். பால் இறங்கியது. வெகு நாள் வரை, காலையும் மாலையும், அந்த முட்டியோடு அவர் சாக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பிறகு எனக்கு வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டது. இரண்டாயிரம் பிறந்தபின் ஒரு கார்த்திகையில் அவரைப் பார்க்கத் திரும்பப் போனேன். டாக்டர் கட்டிலோடு இருந்தார். இரண்டு முட்டியும் மடங்கியபடியே நின்றுவிட்டன. உடம்பில் பாதிதான் மிச்சம். மங்காக்கா ஸ்பூனால் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"எப்படி இருக்கீங்க சார்?"

"எனக்கு இன்னாய்யா? நல்லா இருக்கேன். தீபத்துக்கு ரெண்டு பேரும் மலை சுத்தலாம்."

மங்காக்கா டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மழை வரும்போலிருக்கிறது, கிளம்புகிறேன் என்றேன்.

"மழையெல்லாம் வராது. பாத்துப் போ."

வாசலுக்கு வந்ததும் மழை பிடித்துக்கொண்டது. குடை இருந்தும் விரிக்காமல், உள்ளேயிருந்து ஒரே ஒரு 'போச்சு' கேட்டுவிடாதா என்று அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.