கைமாறிய கேரியர்

இனி தன் தொண்டையில் நொய்க்கஞ்சி ஒரு சொட்டும் இறங்காது என்று அய்யாதுரை சபதம் எடுத்தார். தி.நகரில் ஜவுளிக்கடை, சாந்தோமில் வீடு. குடல்புண் ஆபரேஷனில் டாக்டர் இரைப்பையில் பாதியை எடுத்துவிட்டார். பசியில் பாதியை எடுக்க மறந்துவிட்டார்.

"கொஞ்சங்கொஞ்சமா, பல தடவை, நல்லா மென்னு சாப்பிடணும். இனிப்பு கூடாது" என்று டாக்டர் சொன்னது மனைவி தங்கபுஷ்பத்துக்கு வேதவாக்கு. அய்யாதுரையோ வீட்டுக்கு வந்த வாரமே ஒரு சம்படம் அதிரசத்தை அள்ளிப் போட்டுக்கொண்டு, வேர்த்து விறுவிறுத்து மயங்கி விழுந்தார். இன்னொரு தரம் இப்படி ஆனால் ஆள் தேறமாட்டார் என்றார் டாக்டர். தங்கபுஷ்பம் அழுதே ஓய்ந்தாள். அன்றிலிருந்து தினமும் ஒரு தூக்குக் கஞ்சிதான் கடைக்குப் போனது.

பக்கத்து வீட்டு இக்னேஷியஸ் வாத்தியாரும் அவரும் ஒரே பஸ். வாத்தியார் கையில் எப்போதும் நாலடுக்குச் சாப்பாட்டு கேரியர் இருக்கும்.

"வாத்தியாரே, உம்ம கேரியரை எனக்குத் தாரும். என் கஞ்சியை நீரு குடியும்."

"அண்ணிக்குத் தெரிஞ்சா?"

"நீரு சொல்லாட்டி எப்படித் தெரியும்?"

வாத்தியார் ஒரு ராத்திரி யோசித்துவிட்டுச் சம்மதித்தார். "ஆனா அண்ணாச்சி, நாலு அடுக்கையும் ஒண்ணாப் பரப்பாதீங்க. கடையில யாராச்சும் பாத்துடுவாங்க. ஒரு நேரத்துக்கு ஒரு அடுக்குதான்."

கஞ்சித் தூக்கைத் திறந்துகூடப் பார்க்காமல் பஸ்ஸில் கைமாற்றினார் அய்யாதுரை. துணிக்கட்டுகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு கேரியரைத் திறந்தார். முள் எடுத்த வஞ்சிரம், அவித்த முட்டை, குழைய வெந்த கீரை. எல்லாம் கையளவுதான். தீர்ந்துவிடுமே என்ற பயத்தில் ஒவ்வொரு வாயையும் மென்றுகொண்டே இருந்தார். வாத்தியார் மனைவி மர்சலினுக்கு வாய்த்த கைப்பக்குவம் தனக்கு வாய்த்தவளுக்கு இல்லையே என்று பெருமூச்சும் விட்டார்.

சாயங்காலம் வீட்டில் முகத்தைச் சுளித்துக்கொண்டு, "கஞ்சி குடிச்சு நாக்கு செத்துப்போச்சு" என்பார். தங்கபுஷ்பம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

மூன்று மாதம் கழித்து டாக்டர் சோதித்துப் பார்த்து, புண் ஆறி உடம்பும் தேறிவிட்டது, சாப்பாட்டை மட்டும் மாற்றவேண்டாம் என்றார். தங்கபுஷ்பத்தோடு வெளியே வந்ததும் அய்யாதுரையால் பெருமையை அடக்க முடியவில்லை.

"உன் கஞ்சியில தேறல புள்ள. இத்தனை நாளும் நான் தின்னது மர்சலின் சமையல்."

தங்கபுஷ்பம் அசரவில்லை. "அவுக அடுப்புல நின்னு நான்லா சமைச்சேன். நீங்க கேட்ட அன்னைக்கே வாத்தியார் வந்து சொல்லிட்டாரு."

"அப்ப வீட்டுலயே குடுத்திருக்கலாம்லா?"

"நான் குடுத்தா வாரிக் கொட்டிக்கிடுவீய. திருடித் தின்னாத்தான் மென்னு தின்னுவீய."

"வாத்தியாராவது கஞ்சி குடிச்சாரா?"

"அவருக்கு எதுக்குக் கஞ்சி? தூக்கு நிறையச் சோறும் சுறாப்புட்டும். நீங்கதான தினம் சுமந்துட்டுப் போனீய."

பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்ததும் தங்கபுஷ்பம் மெதுவாகக் கேட்டாள்.

"நாளைக்கு என்ன வேணும்? எங்கிட்டயே சொல்லுதீயளா, வாத்தியார்கிட்ட சொல்லி அனுப்புதீயளா?"