தவிசாளரைத் தின்ற ஆடு

ஒரு சபையைத் தேர்ந்தெடுப்பது சுலபம். அதைக் கதிரைகளில் இருத்துவதுதான் கடினம். வன்னியில் ஒரு பிரதேச சபைக்கு எழுதுவினைஞராகப் போன புதிதில் நான் இதை அறிந்துகொண்டேன். (எந்தச் சபை என்று கேட்காதீர்கள். எனக்கு இன்னும் அங்கேதான் வேலை.)

தேர்தல் நடக்காத வருடங்களில் சபை மண்டபம் களஞ்சியமாகிவிட்டிருந்தது. நுளம்புப் புகை அடிக்கும் இயந்திரமும் கால் உடைந்த மேசைகளும் குளவிக்கூடு ஒன்றும் அங்கே ஒற்றுமையாகக் குடியிருந்தன. புதிய உறுப்பினர்களின் முதல் அமர்வு நெருங்க, செயலாளர் என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, மண்டபம் உம்மட பொறுப்பு. ஒரு பிழையும் வரக்கூடாது."

நாட்டின் பாராளுமன்றத்தையே கையில் தந்ததுபோல நான் நிமிர்ந்து நின்றேன். (மடைச்சி.)

அன்று பின்னேரமே தொலைபேசி அடித்தது. சபைக்குத் தலைவராகும் தவிசாளர் பதவிக்குப் போட்டியிட இருந்த அரிசி மில்காரர். "தங்கச்சி, வாத்தியாருக்குப் பக்கத்தில என்னை இருத்திப்போடாதேங்கோ." அடுத்து, போட்டியிட இருந்த மற்றவரான ஓய்வுபெற்ற வாத்தியார். "பிள்ளை, அந்த மில்காரன்ர முகம் எனக்குத் தெரியாத மாதிரி ஒரு கதிரை போடும்." அதன்பிறகு மற்ற உறுப்பினர்கள் எல்லோருமே தொலைபேசி எடுத்தார்கள். சுவர்ப்பக்கம் வேண்டாம், கதவுப்பக்கம் வேண்டாம், ஆனால் எல்லோருக்கும் மின்விசிறிக்குக் கீழே வேண்டும்! இருந்ததோ ஒரு மின்விசிறி. அதுவும் சுற்றாது. ஆள் பிடித்துத் திருத்துவித்தேன். அதற்கு ஒரே வேகம்தான்: முழு வேகம். சுற்றத் தொடங்கினால் நிறுத்தவும் நேரமெடுக்கும்.

அமர்வு நாள். வாக்கெடுப்பில் வாத்தியாருக்கும் மில்காரருக்கும் சரிசமமான வாக்குகள். கூட்டத்தை நடத்த வந்த அதிகாரி, "சட்டப்படி சீட்டுப் போட்டுத்தான் எடுக்கவேணும். ஒரு பாத்திரம் கொண்டு வாங்கோ" என்றார்.

எல்லாவற்றையும் ஆயத்தப்படுத்திய எனக்குப் பாத்திரம் மட்டும் தோன்றவில்லை. ஓடிப்போய் என் சாப்பாட்டுப் பெட்டியைக் கழுவிக்கொண்டு வந்தேன். (கணவாய்க் கறி மணம் போகவில்லை.) இரண்டு பெயர்களும் சீட்டாகச் சுருட்டப்பட்டு உள்ளே விழுந்தன. அதிகாரியின் நெற்றியில் வியர்வை வழிந்தது. ஐயோ பாவம் என்று, நான் போய் மின்விசிறியைப் போட்டேன்.

சீட்டு ஒன்று பெட்டியிலிருந்து எழும்பி, எல்லோருடைய தலைக்கும் மேலால் மிதந்து, ஜன்னல் வழியாக வெளியே போனது.

நான் பின்னால் ஓடினேன். வெளியே பக்கத்து வளவு ஆடு நின்றது. அது மென்றுகொண்டிருந்தது.

பெட்டியில் மிஞ்சிய சீட்டைப் பிரித்தார்கள். வாத்தியார்.

மில்காரர் எழும்பினார். "பெட்டியால முதல் வெளிக்கிட்டது என்ர பேர்! கடவுளே எடுத்துத் தந்திட்டார். நான்தான் தவிசாளர்!"

"வெளிக்கிட்டது பெட்டியை விட்டில்லை, சபையை விட்டு!" வாத்தியாரும் எழும்பினார். "ஆட்டின்ர வயித்துக்குள்ள இருக்கிறவர் எப்பிடியடா தவிசாளர்?"

இரண்டு பக்கமும் எழும்பியது. கதிரைகள் விழுந்தன. (எவ்வளவு யோசித்துப் போட்ட கதிரைகள்!) "முதல்ல அந்த ஃபானை நிப்பாட்டுங்கோ!" என்று அதிகாரி கத்த, நான் பதறிக் கையில்பட்ட ஆளிகளையெல்லாம் தட்டினேன். விளக்குகள் அணைந்தன. ஒலிவாங்கி செத்தது. மின்விசிறி மட்டும் முழு வேகத்தில் சுற்றியது. செயலாளர் என்னைப் பார்த்த பார்வையில், குளவிக்கூட்டோடு என்னையும் அகற்றியிருக்கலாம் என்ற கவலை தெரிந்தது.

கடைசியில் ஜன்னல்களைச் சாத்தி, என்னை வெளியே அனுப்பிவிட்டு மறுபடியும் சீட்டெடுத்தார்கள். மில்காரரே வென்றார். புதிய சபையின் முதலாவது தீர்மானம் மண்டப ஜன்னல்களுக்கு வலை அடிப்பது. அந்தச் சபை ஏகமனதாக நிறைவேற்றிய தீர்மானம் எனக்குத் தெரிய அது ஒன்றுதான்.

பிறகு எனக்குக் கலியாணமாகி மகள் பிறந்தாள். அவளுக்கு என்ன பெயர் வைப்பது என்பதில் வீடு இரண்டாகப் பிரிந்தது. என் அம்மா ஒரு பெயர், மாமி ஒரு பெயர், இருவரும் இறங்குவதாயில்லை. சீட்டுப் போட்டுப் பார்ப்போம் என்றார் என் கணவர்.

மாமி உடனே சம்மதித்தார். "ஓம், போடுவம். ஆனா முதல்ல உன்ர மனுசியை வெளியில அனுப்பு. பிறகு போய் ஆட்டைக் கட்டு."