பேக்கரி, லாண்டரி, தண்ணித்தொட்டி

தண்ணித்தொட்டியைக் காணவில்லை.

தொட்டி இருந்த இடத்தில்தான் இருந்தது. நாலு கால்களில் நின்றபடி, எப்போதும்போல ஒரு பக்கமாக ஒழுகிக்கொண்டிருந்தது. அதன் கீழே பையோடு நிற்க வேண்டிய பையனைத்தான் காணவில்லை. வேன் டிரைவர் ஹாரனை அமுக்கினார். கொஞ்சம் பொறுத்து, கோபமாக இன்னொரு தடவை அமுக்கினார். எதிர்வீட்டு மாடியிலிருந்து ஒரு நாய் பதில் சொன்னது. பையன் சொல்லவில்லை.

பிள்ளைகளின் பெயர் டிரைவருக்கு வராது. வண்டி ஓட்டுகிறவனுக்கு ஸ்டாப்தான் பெயர். தண்ணித்தொட்டி, பேக்கரி, லாண்டரி, பெட்ரோல் பங்க், முட்டுச்சந்து. ஆறாம் வகுப்பில் புத்தகப்பையை விடக் குள்ளமாக ஏறியபோது அவர் வைத்த பெயர்கள். பிள்ளைகள் தங்களுக்குள்ளும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள். வீட்டுக்காரர்களுக்கும் தொற்றிக்கொண்டது. போன் செய்தால், "அண்ணே, லாண்டரி அம்மா பேசுறேன்" என்றுதான் ஆரம்பிப்பார்கள்.

இப்போது ஐந்து பேரும் பன்னிரண்டாம் வகுப்பு. சின்ன வகுப்புகளுக்கு லீவு விட்டாகிவிட்டது. வண்டியில் இவர்கள் மட்டும்தான். இன்றைக்குக் கடைசிப் பரீட்சை. நேற்று இறங்கும்போது பேக்கரிதான் சொன்னாள், நாளைக்கும் ஒன்று இருக்கிறது, அதோடு சரி என்று. பேக்கரி சொன்னால் கல்லில் வெட்டிய மாதிரி. என்றைக்கு என்ன பரீட்சை என்று மற்ற நாலு பேருமே அவளைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்வார்கள்.

நேரத்துக்குப் போய்விட வேண்டும். கேட்டைச் சாத்திவிட்டால் சாத்தியதுதான். போன வருஷம் யார் வீட்டுப் பையனோ கேட்டுக்கு வெளியே நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுததை டிரைவர் பார்த்திருக்கிறார். அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. தன் வண்டியில் ஏறிய பிள்ளைக்கு அந்தக் கதி வந்தால் அப்புறம் ஸ்டியரிங்கைத் தொடுவதில் அர்த்தமே இல்லை என்று அன்றைக்கே மனதில் போட்டுவைத்திருந்தார்.

"வந்துடுவான்ணா, பதறாதீங்க" என்றான் பெட்ரோல் பங்க்.

வந்தான். நடந்து வந்தான். தண்ணித்தொட்டி நடந்து வந்து டிரைவர் பார்த்ததே இல்லை. ஒரு கையில் ஷூ, ஒரு கையில் டை, வாயில் பிரஷ், இப்படித்தான் ஓடி வருவான். வண்டி நகர ஆரம்பித்த பிறகுதான் தொற்றி ஏறுவான். ஏறியதும் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்தால் பள்ளிக்கூடம் வரும் வரை பிணம்தான். அந்தக் கம்பியில் அவன் தலை எண்ணெய் வட்டமாகப் படிந்திருக்கிறது. எத்தனை துடைத்தாலும் போகாது. டிரைவரும் இப்போதெல்லாம் துடைப்பதில்லை. அப்பேர்ப்பட்டவன் இன்று தலை வாரி, ஷூ பளபளக்க, மாப்பிள்ளை அழைப்புக்கு வருகிறவன் மாதிரி வந்தான்.

"டேய், இன்னிக்கு என்ன நாள்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும்ணா."

"தெரிஞ்சுமா ஊர்வலம் வர்ற?"

"நிதானமா வரணும்னு பேக்கரி சொன்னாண்ணா."

பரீட்சையை நிதானமாக எழுதச் சொல்லியிருப்பாள், இந்த மண்டைக்கு அது இப்படி ஏறியிருக்கிறது என்று டிரைவர் முணுமுணுத்தபடி கியரைப் போட்டார். போட்டதுதான் தாமதம், பின்னாலிருந்து லாண்டரியின் குரல் வந்தது. ஹால் டிக்கெட்டை வீட்டிலேயே விட்டுவிட்டானாம்.

டிரைவர் வண்டியைத் திருப்பினார். லாண்டரியைத் திட்டவும் முடியாது. இஸ்திரிக் கடைக்கு மேல்மாடியில் குடியிருந்துகொண்டு, மாட்டு வாயிலிருந்து பிடுங்கிய மாதிரிச் சட்டை போட்டு வருகிறவன். ஆனால் அந்தச் சட்டை அப்படி ஆவதற்கு இந்த வண்டிதான் காரணம். டயர் பஞ்சர் என்றால் அவர் இறங்குவதற்குள் அவன் ஜாக்கியோடு தரையில் படுத்திருப்பான். இன்று அவன் சட்டையும் மொடமொடவென்று கஞ்சி போட்டு இருந்தது. எல்லோரும் கடைசி நாளுக்கு இப்படி ஜோடித்துக்கொண்டு வந்திருக்கிறார்களே தவிர, ஒருவர் முகத்திலாவது பரீட்சை இருக்கிறதா என்று கண்ணாடியில் பார்த்தார். இல்லை.

மாடிக்குப் போனவன் போனவன்தான். அவனுக்குப் பதிலாக அவன் அம்மா இறங்கி வந்தார். கையில் காபி.

"குடிங்கண்ணே. இத்தனை வருஷமா வாசல்ல வந்து நிக்கிறீங்க, ஒரு வாய் காபி குடுத்ததில்ல நான்."

"அம்மா, நேரமாச்சு. பையனை அனுப்புங்க."

"தேடுறான். நீங்க குடிங்க."

வேண்டாம் என்று வாதாடுவதை விடக் குடிப்பது சீக்கிரம் முடியும் என்று கணக்குப் போட்டு ஒரே மடக்காக ஊற்றிக்கொண்டார். நாக்கு வெந்து போனது. அதற்குள் லாண்டரி ஆற அமர இறங்கி வந்து, ஹால் டிக்கெட் சட்டைப் பையிலேயே இருந்ததாகச் சொன்னான். அவன் அம்மா சிரித்தார். டிரைவருக்கு அந்தச் சிரிப்பு விளங்கவில்லை. பெற்ற பிள்ளை பரீட்சைக்குப் பிந்திக்கொண்டிருக்கிறான், இந்த அம்மாவுக்குச் சிரிப்பு வருகிறது.

விட்ட நேரத்தைப் பிடிக்க ஒரே வழி மெயின் ரோட்டை விட்டுப் பழைய தெருவில் நுழைவதுதான். குறுகலான தெரு. முன்பு ரோடு தோண்டிப் போட்டிருந்த காலத்தில் அப்படித்தான் போவார்கள். அவர் திரும்பியதும் வண்டிக்குள் ஒரு சந்தோஷச் சலசலப்பு. இந்தத் தெருவைப் பார்த்து எத்தனை காலமாயிற்று என்று பெட்ரோல் பங்க் ஆரம்பித்தான். அவன் ஆரம்பித்தால் பெட்ரோல் தீர்ந்தாலும் நிறுத்த மாட்டான். எந்த பஸ் யாரை இடித்தது, எந்த வாத்தியார் எந்தக் கடையில் கடன் சொன்னார், எல்லாம் அவனிடம் உண்டு. மழையில் வண்டி மாட்டிக்கொண்ட ஒரு சாயங்காலம், பயந்துபோன சின்னப் பிள்ளைகளை அவன் வாய்தான் வீடு வரை சிரிக்க வைத்துக் கூட்டி வந்தது. அதனால் டிரைவர் அவன் வாயை மூடச் சொல்வதில்லை.

தெருவின் நடுவில் ஒரு பீரோ நின்றது.

யாரோ வீடு மாறிக்கொண்டிருந்தார்கள். பக்கத்துச் சந்துக்குள் லாரி, தெருவில் பீரோ, நடுவில் இரண்டு சுமைக்காரர்கள் பீடி பிடித்துக்கொண்டிருந்தார்கள். டிரைவர் ஹெட்லைட்டைப் போட்டார். ஹாரன் அடித்தார். அவர்கள் பீடியை முடித்துவிட்டு, ஆள் போதவில்லை, வேண்டுமானால் ஒரு கை பிடியுங்கள் என்றார்கள்.

டிரைவர் இறங்கிப் பிடித்தார். தண்ணித்தொட்டியும் லாண்டரியும் கூடவே இறங்கினார்கள். வாசற்படி ஏறும்போது, உள்ளிருந்து இழுக்க ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். அவசரத்தில் அவரே உள்ளே போனார். இழுத்தார். பீரோ பாதி வந்து வாசற்காலில் இறுகி நின்றுவிட்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. வெளியே பிள்ளைகளும் சுமைக்காரர்களும் வண்டியும். உள்ளே முன்பின் தெரியாத வீட்டில் டிரைவர்.

பீரோவுக்கும் நிலைக்கும் நடுவில் விரல் நுழைகிற இடைவெளி. அதில் ஒரு கண் தெரிந்தது. பேக்கரியின் கண்.

"அண்ணா, ஒண்ணும் ஆகல. பொறுமையா வாங்க."

"எங்கேயிருந்துமா வர்றது? கேட் சாத்திடுவாங்கம்மா. நீங்க ஆட்டோ பிடிச்சுப் போயிடுங்க. என்னை விடுங்க."

"உங்களை விட்டுட்டு எங்கண்ணா போறது?"

அந்தப் பேச்சு அவருக்கு என்னவோ செய்தது. ஆனால் அதை நினைக்க நேரமில்லை. பின்கட்டுக்கு ஓடினார். அங்கே சுவருக்கு அப்போதுதான் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். அது அவர் ஏறிக் குதித்த பிறகுதான் தெரிந்தது. சந்து சுற்றித் தெருவுக்கு வந்தபோது சட்டையின் முன்பக்கம் வெள்ளை, பின்பக்கம் பீரோவின் துரு. பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சிரிப்பை அடக்கியதில் முட்டுச்சந்துக்கு விக்கல் வந்தது.

பீரோ வாசலில் அடைத்துக்கொண்டதில் தெரு காலியாகிவிட்டது. அதுவே பெரிய காரியம் என்று சாவியைத் திருகினார். வண்டி கிணிங் என்று ஒரு சத்தம் கொடுத்துவிட்டு அமைதியானது. பீரோவை மிரட்டப் போட்ட ஹெட்லைட் இத்தனை நேரமும் எரிந்து பேட்டரியைக் குடித்திருந்தது.

அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. போனைப் பேக்கரியிடம் கொடுத்து, பள்ளிக்கூடத்துக்குப் பேசு, ஐந்து பேர் வந்துகொண்டே இருக்கிறார்கள் என்று சொல் என்றார். அவள் கொஞ்ச தூரம் தள்ளிப் போய், காதில் வைத்துப் பேசிவிட்டு வந்தாள்.

"மெதுவா வரச் சொன்னாங்கண்ணா."

எந்தப் பள்ளிக்கூடத்தில் மெதுவாக வரச் சொல்வார்கள்? இந்தப் பெண் தன்னைச் சமாதானப்படுத்தப் பொய் சொல்கிறாள் என்று டிரைவருக்குப் பட்டது. ஆறாம் வகுப்பிலிருந்து பொய் சொல்லாத பெண் பொய் சொல்கிறாள் என்றால் நிலைமை கைமீறிவிட்டது என்று அர்த்தம். அவள் கையில் இன்று புத்தகமும் இல்லை. குலுங்குகிற வண்டியில் நின்றுகொண்டே படிக்கிறவள். பஞ்சரான நாளில் மற்றவர்கள் டயரைக் கழற்ற, நட்டுகளை மடியில் கட்டி வைத்துக்கொண்டு படித்தவள். புத்தகம் எங்கேம்மா என்று கேட்டார். படித்ததெல்லாம் போதும் என்றாள். டிரைவர் போனை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நம்பிக்கையை விட்டுவிட்டாள்.

"தள்ளுங்க" என்றார்.

தள்ளினார்கள். அதில் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. லாண்டரி இடது மூலை, தண்ணித்தொட்டி வலது மூலை, நடுவில் பெண்கள் இருவரும். பெட்ரோல் பங்க் தோளைக் கொடுத்துக்கொண்டே ஏலேலோ போட்டான். தெரு முனையில் வண்டி உறுமிக் கிளம்பியது. நிறுத்தினால் மறுபடி செத்துவிடும். டிரைவர் நிறுத்தவில்லை. எதிரே ரவுண்டானா. அதையே சுற்ற ஆரம்பித்தார். ஊர்ந்துகொண்டிருந்த வண்டியில் பிள்ளைகள் ஒவ்வொருவராக ஓடி வந்து ஏறினார்கள். போலீஸ்காரர் ஒருவர் கையை உயர்த்தப் போனவர், டிரைவரின் கோலத்தைப் பார்த்துக் கையை இறக்கிக்கொண்டார்.

கடைசியாக முட்டுச்சந்து ஏறினாள். வண்டி ஓடினால் வாந்தி எடுக்கிற பெண். அவளுக்காக டிரைவர் சீட்டுக்கு அடியில் கவர் செருகி வைத்திருப்பார். அவள் வீட்டுச் சந்தில் திரும்ப இடம் கிடையாது. தினமும் முழுச் சந்தையும் ரிவர்ஸில் வந்தே அவர் கழுத்து ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. அவள் நாளுக்கு ஒரு வார்த்தை பேசினால் அதிகம். இன்று இத்தனை சுற்றிலும் அவளுக்குக் குமட்டவில்லை. முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டு, மெல்லிய குரலில் சொன்னாள்.

"இன்னும் ஒரு சுத்து, அண்ணா."

பயத்தில் பிள்ளைக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று டிரைவர் ஆக்ஸிலேட்டரை மிதித்தார்.

அவர் பயந்தது அப்படியே எதிரில் நின்றது. கேட் சாத்தியிருந்தது. சங்கிலி போட்டிருந்தது. வாசலில் ஒரு சைக்கிள்கூட இல்லை. உள்ளே வாட்ச்மேன் பனியனோடு செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். டிரைவர் இறங்கி ஓடினார். வண்டி பின்னால் செத்து நின்றது. அதை அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

வெந்த நாக்கு குழறியது. குழறக் குழறப் பேசினார். தப்பு எல்லாம் தன்னுடையது. வண்டி ரிப்பேர், வழியை மாற்றியது அவர், பீரோவைப் பிடித்ததும் அவர். பிள்ளைகள் நேரத்தோடு வந்து அவரவர் ஸ்டாப்பில் நின்றார்கள், தண்ணித்தொட்டி கூட விடிந்ததும் வந்து நின்றான். ஹெட்மாஸ்டர் காலில் வேண்டுமானாலும் விழத் தயார், நாளையிலிருந்து வண்டியை எடுக்காதே என்றால் எடுக்க மாட்டார்.

"இவங்களை மட்டும் உள்ள விட்ருங்க. தங்கமான பிள்ளைங்க. எழுதிட்டுப் போயிடட்டும்."

பின்னால் ஐந்து பேரும் இறங்கி நின்றார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. பெட்ரோல் பங்க் வாயைத் திறக்கவில்லை. பேக்கரி அவர் சட்டையில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைத் தட்டிவிடக் கையை நீட்டி, பாதியில் நிறுத்தி, கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வாட்ச்மேன் குடத்தைக் கீழே வைத்தார். டிரைவரைப் பார்த்தார், பளிச்சென்று உடுத்தி நின்ற ஐந்து பேரையும் பார்த்தார்.

"நேத்தோட பரீட்சையெல்லாம் முடிஞ்சு போச்சேப்பா, இன்னிக்கு எதுக்கு இந்தப் பிள்ளைங்க உன் வண்டியில ஏறுச்சுங்க?"