தங்கபுஷ்பம் முப்பத்திரண்டில் நிற்கவில்லை

ஒரு காட்டில் தங்கபுஷ்பம் என்ற பெண் கடமான், யாரும் துரத்தாமலே ஓட ஆரம்பித்தாள்.

அந்தக் காட்டுக்கு இது புதிது. கடமான்கள் காலங்காலமாக ஓடுகிறவைதான். ஆனால் பின்னால் யாராவது வந்தால்தான் ஓடும். தங்கபுஷ்பம் விடிந்ததும் எழுந்து, சோம்பல் முறித்து, சும்மா கிளம்பி ஓடினாள். முதல் நாள் அதைப் பார்த்த மொத்தக் கூட்டமும் அலறியடித்துக்கொண்டு அவள் பின்னாலேயே ஓடியது. ஓடையைத் தாண்டித் திரும்பிப் பார்த்த பிறகுதான் பின்னால் ஒன்றுமே இல்லை என்று தெரிந்தது. அவளுடைய அத்தைக்கு மூச்சு இரைத்தது.

"யாரு வெரட்டுனா?"

"யாரும் வெரட்டல அத்தை. உடம்புக்கு நல்லதுன்னு ஓடுனேன்."

அதற்கப்புறம் அத்தை கொஞ்ச நாள் அவளோடு பேசவில்லை.

விஷயம் இதுதான். அந்த வருஷம் காட்டு யானைகள் சேர்ந்து ஒரு மாரத்தான் அறிவித்திருந்தன. நாற்பத்திரண்டு கிலோமீட்டர். அருவியில் கிளம்பி, தேக்கங்காட்டைக் கடந்து, அணைக்கட்டைச் சுற்றிவிட்டு அருவிக்கே வந்து சேர வேண்டும். முடிகிற இடத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டிருக்கும், அதைத் தாண்டியதும் நின்று தண்ணீர் குடிக்கலாம் என்று யானைகள் காடு முழுக்கச் சொல்லியனுப்பின. தங்கபுஷ்பத்தை இழுத்தது அந்தக் கோடுதான். அவள் இதுவரை ஓடிய எந்த ஓட்டத்துக்கும் கோடு கிடையாது. எங்கே நிற்கலாம் என்பதைப் பின்னால் வருகிறவர்தான் எப்போதும் முடிவு செய்தார்.

பெயர் கொடுக்கும் வரிசையில் காலையிலிருந்து நின்றாள். முள்ளம்பன்றி தன் முதுகிலிருந்தே ஒரு முள்ளைப் பிடுங்கி அவள் மார்பில் எண் அட்டையைக் குத்திவிட்டது. முன்னங்காலில் கட்டிக்கொள்ள ஒரு கைக்கடிகாரமும் கிடைத்தது. ஓடிய தூரத்தைக் காட்டும்; அவ்வப்போது 'அருமை' என்று சொல்லும். அவளை அப்படிச் சொன்னவர்கள் காட்டில் அதுவரை யாரும் இல்லாததால், கடிகாரத்தை அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

பயிற்சி கொடுத்தது கோமதிநாயகம் என்ற தேவாங்கு. அவர் வாழ்நாளில் ஓடியதில்லை. ஒரு கிளையிலிருந்து அடுத்த கிளைக்குப் போகவே அவருக்கு அரைப் பொழுது ஆகும். அதனாலேயே ஓடுவதைப் பற்றி அவரிடம் குழப்பமில்லாத கருத்துகள் இருந்தன. மாரத்தானுக்கு மூன்று வாரம் முன்னால் முப்பத்திரண்டு கிலோமீட்டர் நிற்காமல் ஓட வேண்டும். அதுதான் கடைசி நீண்ட ஓட்டம். அதற்கப்புறம் ஓய்வு. அதை முடித்தவர்கள் மாரத்தானை முடித்த மாதிரிதான், முடிக்காதவர்கள் கை தட்ட வரலாம் என்று கண்களை உருட்டிச் சொல்லிவிட்டார்.

தங்கபுஷ்பம் இரண்டு தடவை முயன்று பார்த்தாள். முதல் தடவை பாதி வழியில் நல்ல அறுகம்புல்லைப் பார்த்துவிட்டாள். ஒரு வாய்தான் என்று குனிந்தவள் நிமிர்ந்தபோது சாயங்காலம். இரண்டாவது தடவை கடிகாரத்தில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. கடிகாரம் பார்க்காத ஓட்டம் ஓட்டமே இல்லை என்று நினைத்துத் திரும்பி நடந்து வந்துவிட்டாள். மிச்சமிருந்தது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை.

அன்றைக்குப் பார்த்து மழை தூறியது. கூட ஓட வேண்டிய காட்டுப்பன்றி முழங்கால் வலி என்று சொல்லியனுப்பியது. முயலுக்கு உறவில் ஒரு கல்யாணம். தங்கபுஷ்பம் தனியாகக் கிளம்பினாள்.

இருபது கிலோமீட்டர் வரை எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. அதற்குப் பிறகு தொடை கனத்தது. இதையெல்லாம் யார் கேட்டார்கள் என்று அவளுக்கே தோன்றியது. நின்றுவிடலாமா என்று யோசித்த நேரத்தில் பின்னால் மெத்து மெத்தென்று காலடிச் சத்தம் கேட்டது. மான் பிறவிக்கு அந்தச் சத்தத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. வாலைத் தூக்கிக்கொண்டு பறந்தாள். கடிகாரம் 'அருமை' என்றது.

"அக்கா, மெதுவா போங்க. நீண்ட ஓட்டத்துல இந்த வேகம் ஆகாது."

திரும்பிப் பார்த்தாள். சிறுத்தை. அதன் மார்பிலும் எண் அட்டை இருந்தது, முன்னங்காலில் கடிகாரம் இருந்தது. நாக்கு ஒரு முழம் வெளியே தொங்கியது.

அவன் பெயர் சுடலைமுத்து. ஓடிக்கொண்டே தன் கதையைச் சொன்னான். அவனும் கோமதிநாயகத்தின் மாணவன்தான், மாலை வகுப்பு. சிறுத்தைகளுக்குப் பாய்ந்து பிடிக்கத் தெரியுமே தவிர, நின்று நிதானமாக ஓடத் தெரியாது. கொஞ்ச தூரத்தில் இரை கிடைக்கவில்லை என்றால் விட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். இந்த அவப்பெயரைப் போக்க வேண்டும் என்று அவனுக்கு ஆசை. வீட்டில் மனைவி சிரிக்கிறாளாம். தன்னை நினைத்துப் பயப்பட வேண்டாம் என்று அவனாகவே சொன்னான்.

"ஓடும்போது நான் எதுவும் சாப்பிட மாட்டேன் அக்கா. வயித்தைப் புடிச்சுக்கும்."

தங்கபுஷ்பம் முதலில் நம்பவில்லை. ஆனால் அவன் முன்னால் வந்து ஓடியபோதும் அவளைப் பார்க்கவில்லை, கடிகாரத்தைத்தான் பார்த்தான். மெல்ல இருவரும் பக்கத்தில் பக்கத்தில் ஓட ஆரம்பித்தார்கள். மூச்சை எப்படி விட வேண்டும் என்று அவள் சொல்லிக் கொடுத்தாள். ஏற்றத்தில் காலை எப்படி வைக்க வேண்டும் என்று அவன் காட்டினான். கடிகாரம் அடிக்கடி பாராட்டினால் மனசுக்கு எவ்வளவு தெம்பாக இருக்கிறது என்பதில் இருவருக்கும் ஒரே கருத்து. மழை விட்டு வெயில் வந்தது. இத்தனை நாள் இந்தப் பிள்ளையைத் தப்பாக நினைத்துவிட்டோமே என்று தங்கபுஷ்பத்துக்கு மனசு கஷ்டப்பட்டது.

முப்பது தாண்டியது. இன்னும் கொஞ்சம்தான். ஓடி முடித்ததும் நீ என்ன செய்வாய் என்று அவள் பேச்சுக்குக் கேட்டாள்.

"மொதல்ல கால நீட்டி மடக்கணும். அப்புறம் அரை மணிக்குள்ள புரோட்டீன் எடுக்கணும். சார் கண்டிப்பா சொல்லியிருக்காரு."

"என்ன புரோட்டீன் தம்பி?"

சுடலைமுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டான். கொஞ்சம் கூச்சப்பட்ட மாதிரி இருந்தது. பிறகு, காலையிலிருந்து முதல் தடவையாக, அவள் தொடையைப் பார்த்தான்.

முப்பத்திரண்டில் இரண்டு கடிகாரங்களும் ஒன்றாக மணி அடித்தன. சுடலைமுத்து வேகத்தைக் குறைத்து, முடிந்துவிட்டது அக்கா என்று அன்பாகச் சொன்னான். தங்கபுஷ்பம் நிற்கவில்லை.

"எனக்கு இன்னும் முடியல தம்பி. நான் இன்னும் கொஞ்சம் ஓடணும்."

கூட ஓடுகிறவரை நடுவழியில் விட்டுவிட்டுப் போகக்கூடாது என்பது கோமதிநாயகத்தின் இன்னொரு விதி. சுடலைமுத்து நல்ல மாணவன். நிறுத்திய கடிகாரத்தை மறுபடி ஓடவிட்டு அவள் பின்னாலேயே வந்தான். எப்போது முடிக்கப் போகிறீர்கள் என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டே வந்தான். இதோ, அந்த வளைவில் முடித்துவிடலாம் என்பாள். வளைவு வந்ததும் அடுத்த வளைவைச் சொல்வாள். அவளுக்குக் கண் இருட்டியது. குளம்பு பிளந்துவிடும் போல எரிந்தது. பின்னால் வந்த மூச்சு கிட்டே கேட்கும்போதெல்லாம் கால்கள் தாமாகவே நீண்டன.

நாற்பத்து மூன்றைத் தாண்டி, அணைக்கட்டுக் கரையில், தொப்பென்று ஒரு சத்தம். சுடலைமுத்து பின்னங்கால் இழுத்துக்கொண்டு விழுந்துவிட்டான். தங்கபுஷ்பம் இன்னும் கொஞ்ச தூரம் ஓடி, கரைக்கு அந்தப் பக்கம் போய்த்தான் நின்றாள். அவளுடைய கடிகாரம் நாற்பத்து நாலு என்று காட்டியது. அவளைப் போகச் சொல்லியது மனசு. ஆனால் அவன் குழந்தை மாதிரி அழுவது கேட்டது. கரை அகலத்துக்கு அந்தப் பக்கம் நின்றபடியே, காலை மடக்கு, பாதத்தை உன் பக்கம் இழு என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, வெகு நேரம் கழித்து அவன் பிடிப்பை எடுத்துவிட்டாள். எடுத்த பிறகும் அவன் அழுகை நிற்கவில்லை.

"அரை மணி போயிருச்சு அக்கா. இனிமே தின்னும் பிரயோஜனமில்ல."

தங்கபுஷ்பம் ரொம்ப வருத்தமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

மறுநாள் அவள் பின்னங்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியது. கோமதிநாயகம் கிளையில் இருந்தபடியே பார்த்துவிட்டு மாரத்தான் கிடையாது என்று சொல்லிவிட்டார். முப்பத்திரண்டு ஓடச் சொன்னால் நாற்பத்து நாலு ஓடுவது திமிர் என்றார். ஏன் ஓட வேண்டி வந்தது என்று அவள் விளக்கினாள். என் பயிற்சித் திட்டத்தில் சிறுத்தைக்கெல்லாம் தனியாகக் கிலோமீட்டர் ஒதுக்க முடியாது என்று கண்ணை மூடிக்கொண்டார். அவள் எண் அட்டையைக் கழற்றி முள்ளம்பன்றியிடம் கொடுத்துவிட்டு வந்து, புதருக்குள் படுத்து அழுதாள்.

சுடலைமுத்து சும்மா இருக்கவில்லை. தான் நாற்பதுக்கு மேல் ஓடிய பெருமையை மலையெல்லாம் சொல்லித் திரிந்தான். மற்ற சிறுத்தைகளுக்கு ரோஷம் வந்தது. அவனே முடிக்கும்போது நமக்கென்ன என்று செந்நாய்கள் கூட்டமாகப் பெயர் கொடுத்தன. உச்சிப்பாறையில் தனியாக இருந்த கிழட்டுப் புலிகூட வரிசையில் வந்து நின்றது; முன்னால் நின்றவர்கள் எல்லோரும் அதற்கு வழிவிட்டார்கள்.

மாரத்தான் அன்று காலை தங்கபுஷ்பம் நொண்டிக்கொண்டு மேய்ச்சல் வெளிக்குப் போனாள். பட்டப்பகலில் அந்த நடு வெளிக்கு மான்கள் போவதில்லை. எல்லாப் பக்கமிருந்தும் தெரியும். ஆனால் பார்க்கத்தான் அன்றைக்கு ஆளில்லை. தின்கிறவர்கள் மொத்தப் பேரும் அணைக்கட்டைச் சுற்றி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள், வெறும் வயிற்றோடு, மார்பில் எண்ணோடு. தங்கபுஷ்பம் குனிந்து மேய்ந்தாள். காதை நிமிர்த்தவில்லை. கொஞ்ச நேரத்தில் அத்தை வந்தாள், பிறகு கூட்டமே வந்தது. குட்டிகள் வெயிலில் மல்லாந்து உருண்டன. ஓடியவர்களுக்குக் கால் பிடித்துக்கொண்டதால் அடுத்து வந்த வாரமும் அப்படியே போயிற்று.

தங்கபுஷ்பம் அதற்குப் பிறகு ஓடவில்லை. ஆனால் யானைகளிடம் போய், இந்த மாதிரி நல்ல காரியத்தை வருஷத்துக்கு ஒரு தடவை மட்டும் நடத்துவது சரியில்லை, மாதா மாதம் நடத்த வேண்டும் என்று மனு கொடுத்தாள். இப்போது தினமும் விடியற்காலையில் சிறுத்தைகள் தூங்கும் பாறைக்கு எதிரே, சற்று தள்ளி நின்று, அத்தையும் அவளும் குரல் கொடுக்கிறார்கள்.

"தம்பி, எந்திரிங்க. இன்னைக்கு முப்பத்திரண்டு."

நீதி: உடற்பயிற்சி உடம்புக்கு மிகவும் நல்லது, அதுவும் நம்மைத் தின்ன நினைப்பவர் செய்தால், நம் உடம்புக்கு.